ஓடுகிறவனைச் சுடலாமா?

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் உள்ள நகரம் மெம்பிஸ். 1974-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி. இரவு மணி பத்தே முக்கால்.

"வீட்டுக்குள் திருடன்!" என்று போலீசுக்குத் தகவல் வந்தது. 2 போலீஸ்காரர்கள் விரைந்தார்கள். வாசலில் நின்ற ஒரு பெண்மணி, பக்கத்து வீட்டைக் கை காட்டினார். அங்கே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டதாம்.

ஒரு போலீஸ்காரர் வீட்டின் பின்பக்கம் போனார். கதவு "படார்" என்று சாத்தும் ஓசை! கொல்லையில் ஓர் உருவம் ஓடியது. 6 அடி உயரக் கம்பிவேலி வழியை மறித்தது. உருவம் வேலியடியில் பதுங்கியது.

போலீஸ்காரர் டார்ச் விளக்கை அடித்தார். முகம் தெரிந்தது. கைகளும் தெரிந்தன. ஆயுதம் எதையும் காணோம்.

"போலீஸ்! நில்!"

அவன் நிற்கவில்லை. வேலியில் ஏறினான். தாண்டிவிட்டால் பிடிக்க முடியாது என்று போலீஸ்காரர் நினைத்தார். சுட்டார். குண்டு பின்னந்தலையில் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் பிரிந்தது.

அவன் 15 வயதுச் சிறுவன். எட்டாம் வகுப்பு மாணவன். அவனிடம் இருந்தவை ஒரு பர்சும் 10 டாலரும். அன்றைய மதிப்பில் சுமார் 80 ரூபாய்!

பழைய சட்டம்

பையனிடம் ஆயுதம் இல்லை என்றே தாம் எண்ணியதாகப் போலீஸ்காரர் கோர்ட்டில் சொன்னார். பின் ஏன் சுட்டார்? சட்டம் இடம் கொடுத்தது. எச்சரித்தும் ஒருவன் ஓடினால், பிடிப்பதற்குத் தேவையான எதையும் செய்யலாம் என்றது டென்னசி சட்டம்.

இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. பழங்காலத்தில் அங்கே பெருங்குற்றங்களுக்கெல்லாம் பெரும்பாலும் தூக்குத்தான். எப்படியும் சாகப் போகிறவன், ஓடும்போது செத்தால் என்ன என்று நினைத்தார்கள். அப்போது காவலரிடம் கைத்துப்பாக்கியும் கிடையாது. பிறகு திருட்டுக்குத் தூக்கு என்பது ஒழிந்தது. துப்பாக்கி வந்தது. சட்டம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது!

தந்தையின் வழக்கு

பையனின் தந்தை வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் தோற்றார். அப்பீலில் வென்றார். டென்னசி அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

1985 மார்ச் 27-ந் தேதி தீர்ப்பு வந்தது. 9 நீதிபதிகளில் 6 பேர் தந்தையின் பக்கம். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் ஒயிட்.

தப்பி ஓடுகிறான் என்பதற்காக மட்டும் ஒருவனைச் சுட்டுக் கொல்லக்கூடாது. அவனால் போலீசாருக்கோ மற்றவர்களுக்கோ உயிராபத்து அல்லது படுகாயம் நேரும் என்று நம்பத் தகுந்த காரணம் இருக்கவேண்டும். முடிந்தால் முதலில் எச்சரிக்கவேண்டும். இதுதான் தீர்ப்பு. நியூயார்க் நகரப் போலீசார் இப்படி ஒரு கட்டுப்பாட்டை முன்பே வைத்திருந்தனர் என்பதையும் அது எடுத்துக் காட்டியது.

மற்ற 3 பேர் ஒப்பவில்லை. அவர்கள் சார்பில் எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர். கண நேரத்தில், இருட்டில் முடிவெடுக்கும் போலீஸ்காரரின் நிலையைப் பார்க்கவேண்டும், இரவில் வீடு புகுவது ஆபத்தான குற்றம் என்றார் அவர். பிள்ளைகுட்டிகளோடு படுத்திருப்பவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். ஆனால் இங்கே வெறுங்கை டார்ச் வெளிச்சத்தில் தெரிந்ததே!

சுட்டவர்மீது குற்றம் இல்லை, அன்றைய சட்டத்தை நம்பிச் சுட்டார் என்று கீழ்க்கோர்ட்டுகள் முன்பே விட்டுவிட்டன. நகராட்சியும் போலீஸ் இலாகாவும் பொறுப்பா என்று பார்க்க, வழக்கு மறுபடியும் கீழே அனுப்பப்பட்டது. பையன் செத்து அப்போது பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.