வேலை இல்லாதவர்கள் கட்டிய மடம்

ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ என்ற பெரிய நகரம் இருக்கிறது. அதன் வழியாகக் கிளைடு நதி ஓடுகிறது. கப்பல் கட்டுவதில் உலகப் புகழ் பெற்ற நதி அது. அதன் கரைகளில் ஒரு காலத்தில் சம்மட்டிச் சத்தம் ஓயாமல் கேட்கும். சங்கு ஊதியதும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சாரி சாரியாகக் கப்பல் பட்டறைக்குள் நுழைவார்கள்.

ஒரு நாள் அந்தச் சத்தம் நின்றது.

1931-ம் ஆண்டு டிசம்பர் மாதம். கிளைடு நதிக் கரையில் ஒரு ராட்சதக் கப்பல் தயாராகிக் கொண்டு இருந்தது. அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. "534" என்ற எண்தான் அதற்குப் பெயர். உலகம் முழுவதும் வியாபாரம் படுத்துவிட்ட காலம் அது. கப்பல் கம்பெனிக்குக் கடன் கிடைக்கவில்லை. வேலையை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. 3 ஆயிரம் பேருக்கு மேல் வேலை போயிற்று. கிறிஸ்துமசுக்கு இரண்டே வாரம்தான் பாக்கி!

பாதிக் கப்பல் அப்படியே நின்று துருப்பிடித்தது. பறவைகள் அதில் கூடு கட்டின. 2 வருஷம் கழித்து, 1934 ஏப்ரலில்தான் மறுபடியும் வேலை தொடங்கியது. "குவீன் மேரி" என்று பிற்காலத்தில் உலகம் வியந்த கப்பல் அதுதான்.

அந்த 2 வருஷமும் அந்தக் குடும்பங்கள் எப்படிப் பிழைத்தன?

வீட்டுக்குள் வந்த அதிகாரி

சர்க்கார் கொஞ்சம் உதவிப் பணம் கொடுத்தது. ஆனால் அதிலும் ஒரு முள் இருந்தது. சில மாதங்கள் போனதும் வீட்டுக்கே அதிகாரி வருவார். யார் யார் சம்பாதிக்கிறார்கள், வீட்டில் என்ன சாமான் இருக்கிறது என்று கணக்கு எடுப்பார். மகன் நாலு காசு சம்பாதித்தால் அப்பாவுக்கு வரும் பணம் குறையும். "அப்பாவுக்கு என்னால் நஷ்டம்" என்று வீட்டை விட்டுப் போன பிள்ளைகளும் உண்டு.

நல்ல உடுப்பு இல்லாததால் பலர் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகக் கூச்சப்பட்டார்கள். காலையில் எழுந்து, போக இடம் இல்லாமல், தெரு முனையில் போய் நிற்பார்கள். கை நிறையத் தொழில் தெரியும். ஆனால் அந்தக் கைக்கு வேலை இல்லை.

பணக்காரக் கோவிலை விட்டு வந்த பாதிரியார்

கிளைடு நதிக் கரையில் உள்ள "கவன்" என்ற தொழிலாளர் பேட்டைக்கு 1930-ம் ஆண்டு ஒரு பாதிரியார் வந்தார். அவர் பெயர் ஜார்ஜ் மெக்லவுட்.

பெரிய இடத்துப் பிள்ளை. ஆக்ஸ்போர்டில் படித்தவர். முதல் உலகப் போரில் சண்டை போட்டு வீரப் பதக்கம் வாங்கியவர். எடின்பரோ நகரில், வசதி படைத்தவர்கள் வரும் கோவிலில் பிரசங்கம் செய்து நல்ல பெயர் எடுத்தவர். அதை விட்டுவிட்டு, வேலை இல்லாதவர்கள் நடுவே குடியேறினார்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. தெருவில் நின்று பேசினார். வீடு வீடாகப் போனார். ஓயாமல் உழைத்ததால் உடல் நலம் கெட்டது. 1933-ல் ஜெருசலேம் வரை போய் ஓய்வு எடுக்க வேண்டியது ஆயிற்று.

திரும்பி வந்த பிறகு, கிளாஸ்கோவுக்கு வெளியே இடிந்து கிடந்த ஒரு பழைய மாவு மில்லை அவர் வாங்கினார். வேலை இல்லாத கவன்வாசிகளே அதைப் பழுது பார்த்தார்கள். ஊர் மக்கள் தங்கி இளைப்பாறும் இடமாக அது மாறியது. வெறுங்கையோடு நின்ற மனிதனிடம் ஒரு கரண்டியும் உளியும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை மெக்லவுட் அங்கே கண்ணால் பார்த்தார்.

பைபிளில் ஒரு கதை உண்டு. திராட்சைத் தோட்டத்துக்காரர் ஒருவர், வேலைக்கு ஆள் தேடி நாள் முழுவதும் சந்தை வெளிக்குப் போகிறார். பொழுது சாயும் நேரத்திலும் சிலர் அங்கே நிற்கிறார்கள். கூப்பிட ஆள் இல்லாததால் நிற்பதாகச் சொல்கிறார்கள். அவர்களையும் தோட்டத்துக்கு அனுப்பி, காலையில் வந்தவர்களுக்குக் கொடுத்த அதே கூலியைக் கொடுக்கிறார். காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். ஆனால் கவன் தெரு முனையில் நின்றவனுக்கு இதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியது இல்லை. சாயங்காலம் வரை காத்து நின்றவன் வீட்டிலும் குழந்தைகள் அதே அளவுதானே சாப்பிடும்!

தீவில் ஒரு இடிந்த மடம்

ஸ்காட்லாந்தின் மேற்கே கடலில் "அயோனா" என்ற குட்டித் தீவு இருக்கிறது. 3 மைல் நீளம்தான். கி.பி. 563-ல் கொலம்பா என்ற துறவி அயர்லாந்தில் இருந்து 12 சீடர்களோடு அங்கே வந்து மடம் அமைத்தார். பிற்காலத்தில் அதே இடத்தில் பெரிய கல் மடம் எழுந்தது. அதுவும் நாளடைவில் பாழானது. கோவிலை மட்டும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுது பார்த்தார்கள். துறவிகள் தங்கிய கட்டிடங்கள் கூரை இல்லாமல் கிடந்தன.

1938-ல் மெக்லவுட் கவன் வேலையை ராஜினாமா செய்தார். அந்த மடத்தைக் கட்டப் போவதாக அறிவித்தார்.

யாரை வைத்து? வேலை இழந்த கொத்தனார்களையும் தச்சர்களையும் வைத்து! அவர்களுக்குச் சித்தாள் யார் தெரியுமா? பாதிரியார் படிப்பு முடித்த இளைஞர்கள்!

படித்தவர்கள் கல் சுமந்தார்கள். தொழில் தெரிந்தவர்கள் உத்தரவு போட்டார்கள். மரக் குடிசைகளில் எல்லோரும் ஒன்றாகத் தங்கினார்கள். காலையில் ஜெபம், பிறகு வேலை, சாயங்காலம் மறுபடியும் ஜெபம். தொழிலாளியின் பேச்சும் கஷ்டமும் தெரியாமல் பாதிரியார் பிரசங்கம் செய்து பயன் இல்லை என்பது மெக்லவுட்டின் கருத்து. இயேசுநாதரே தச்சுப் பட்டறையில் வளர்ந்தவர்தானே!

பணம் கொடுத்தவர் யார்?

இதற்கு முதலில் 5 ஆயிரம் பவுன் கொடுத்தவர் சர் ஜேம்ஸ் லித்கோ. இவர் பெரிய கப்பல் முதலாளி. 1930-ல் கப்பல் முதலாளிகள் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். நஷ்டத்தில் ஓடும் பட்டறைகளை விலைக்கு வாங்கி மூடுவதுதான் அதன் வேலை. அந்தக் கம்பெனிக்குத் தலைவர் இதே லித்கோதான்! பட்டறைகளை மூடிய கையே மடம் கட்டப் பணம் கொடுத்தது.

மெக்லவுட் யுத்தமே கூடாது என்பவர். அந்தக் கொள்கையை விட்டுவிட்டால் பணம் தருவீரா என்று அவர் கேட்கவில்லை. லித்கோதான், பணம் தந்தால் கொள்கையை விடுவீரா என்று கேட்டாராம். முடியாது என்று மெக்லவுட் முகத்துக்கு நேரே சொன்னார். அப்படியானால் தருகிறேன் என்றாராம் முதலாளி. இப்படி ஒரு கதை வழங்குகிறது.

அந்தப் பணத்தை வாங்கியது சரியா? வாங்காவிட்டால் தச்சனுக்குக் கூலி ஏது?

கடல் கொண்டுவந்த மரம்

எதிர்ப்பும் கிளம்பியது. புராட்டஸ்டண்டு பாதிரியார் மடம் கட்டுகிறாரே, இவர் பாதி ரோமாபுரிக்கும் பாதி மாஸ்கோவுக்கும் போகிறார் என்று கேலி பேசினார்கள். 1939-ல் யுத்தம் மூண்டது. மரம் கிடைப்பது குதிரைக் கொம்பு ஆயிற்று. அப்போது புயலில் சிக்கிய ஒரு கப்பல், தன் தளத்தில் இருந்த மரங்களைக் கடலில் தள்ளியது. அவை மிதந்து மிதந்து, அயோனாவுக்கு எதிரே உள்ள மல் தீவில் ஒதுங்கின. கூரைக்கு அந்த மரம் பயன்பட்டது. தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். கட்டிக் கொண்டு இருந்தவர்கள் ஆண்டவனுக்கு நன்றி சொன்னார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அயோனாவில் வேலை கிடைத்தது கொஞ்சம் பேருக்குத்தான். கிளைடு கரையில் வேலை இல்லாத் திண்டாட்டத்தைத் தீர்த்தது யுத்தத் தளவாட உற்பத்தி. யுத்தத்தை வெறுத்த மெக்லவுட்டுக்கு அது எவ்வளவு கசந்து இருக்கும்!

ஆனாலும் மடத்து வேலை நிற்கவில்லை. 1965-ல் முடிந்தது. 27 வருஷம்! மெக்லவுட் 1957-ல் ஸ்காட்லாந்து திருச்சபையின் மகாசபைத் தலைவர் ஆனார். 1967-ல் பிரபு பட்டம் கிடைத்தது. 1991-ல், 96-வது வயதில் காலமானார்.

அவர் தொடங்கிய "அயோனா சமூகம்" இன்றும் இருக்கிறது. அதில் சேருகிறவர்கள் தினமும் ஜெபம் செய்ய வேண்டும். இன்னொரு கண்டிப்பான விதியும் உண்டு. தங்கள் பணத்தையும் நேரத்தையும் எப்படிச் செலவிட்டோம் என்று அங்கத்தினர்கள் ஒருவருக்கு ஒருவர் கணக்குக் காட்ட வேண்டும்.