தராசு அறியும் உப்பு

காங்கேயத்துக்கு வடக்கே, நொய்யல் நதியின் குறுக்கே பாசனத்தின் பொருட்டு 1992-இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் வந்து தேங்கியமையால், எந்த உழவருக்காகக் கட்டப்பட்டதோ அந்த உழவரே அதன் நீரை வேண்டாமென்று மறுக்கும் விசித்திர நிலையை எய்தியது. பருத்தியில் சாயம் பற்றுவதற்காகச் சேர்க்கும் உப்பு, நிறம் நீங்கிய பின்னும் நீரில் கரைந்தே கிடக்கும். கண்ணுக்கு அது தெரியாது, தராசுக்குத் தெரியும். நீரை வடிகட்டி, அளந்தெடுத்த ஒரு பாகத்தைக் கிண்ணத்தில் வற்றவைத்து, 180 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் உலர்த்தி, எஞ்சியதை நிறுத்துப் பார்ப்பதே பரிசோதனை. குடிநீரானால் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உத்தமம். வேறு நீர் கிட்டாவிடில் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

ஆற்றோரக் கிணற்று நீரைச் சோதிக்க விரும்பும் நேயர்கள், மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே நீரால் இரண்டு மூன்று முறை அலசி நிரப்பி, கிணற்றின் இடமும் தேதியும் எழுதி ஒட்டி, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் தாமதமின்றி ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.