மண்ணுக்கும் ஒரு கணக்குக் கொப்பி

போகம் முடிந்ததும் நாம் பணக்கணக்குப் பார்க்கிறோம். விதைநெல், உழவு, பசளை, கூலி, குத்தகை எல்லாம் கழித்து மிஞ்சியது என்ன என்று எண்ணுகிறோம். மண்ணுக்கும் அப்படியொரு கணக்கு உண்டு. அறிஞர் அதனைப் பொருட்பாய்ச்சல் பகுப்பாய்வு என்பர். பெயர்தான் பெரிது. ஓர் எல்லைக்குள் வந்த பொருளின் நிறை, வெளியே போனதும் உள்ளே தங்கியதும் சேர்ந்த நிறைக்குச் சமமாக இருக்கவேண்டும். குறைந்தால், நாம் காணாத வழியொன்றால் ஏதோ போயிருக்கிறது.

இத்தாலியின் பாதுவா நகரில் போதித்த மருத்துவர் சந்தோரியோ பல ஆண்டுகளாகத் தம்மைத் தராசில் நிறுத்து, உண்டதையும் கழித்ததையும் குறித்து, 1614இல் நூலாக வெளியிட்டார். கழிவின் நிறை உணவின் நிறையிலும் மிகக் குறைவாக இருந்தது. மிகுதி கண்ணுக்குத் தெரியாமல் தோலாலும் மூச்சாலும் போகிறது என்றார்.

நெல்லுக்கு வருவோம். ஒரு தொன் நெல் விளைவதற்குப் பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ நைதரசனையும், 2 முதல் 3 கிலோ பொசுபரசையும், 15 முதல் 20 கிலோ பொற்றாசியத்தையும் எடுக்கிறது. அந்தப் பொற்றாசியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில் நிற்கிறது. ஆகவே வைக்கோலை லொறியில் ஏற்றி விற்றால், பணக்கணக்கில் அது வரவு, மண்கணக்கில் செலவு. சூடடித்த இடத்திலேயே குவித்து எரித்தால் நைதரசனின் பெரும்பங்கு புகையாய்ப் போகும். பொற்றாசியம் சாம்பலில் தங்கும், ஆனால் வயலின் ஒரு மூலையில் மட்டும்.

50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் உண்டு. யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்த் தறைகளில் பயிர் எடுத்தது போக எஞ்சியதில் ஒரு பகுதி, சுண்ணாம்புக்கல் வழியே நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமே உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது கைக்குழந்தைக்கு ஆபத்து. தறையை மட்டும் எல்லையாக வைத்தால் இந்த நைதரசன் 'வெளியே போனது' என்று முடிந்துவிடும். ஊரை எல்லையாக வைத்தால் அது நம் வாளிக்குள்ளேயே இருக்கிறது. கோட்டை யார் கீறுகிறார் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

2021 மே மாதம் நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசனுள்ள கூட்டெருவானால், ஒரு மூடை யூரியாவுக்கு ஈடாக 2,300 கிலோ வேண்டும். இந்தச் சிறு பெருக்கலை முன்கூட்டியே செய்திருக்கலாம். ஆனால் கூட்டெரு தன் நைதரசனை எத்தனை கிழமையில் பயிருக்கு விடும் என்பதை நிறைக்கணக்குச் சொல்லாது. நஞ்சையும் அது அறியாது. பொசுபேற்றுப் பசளையோடு வரும் சில கிராம் கட்மியம் தொன்கணக்கில் தூசிபோல் மறைந்துபோகும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை வேறு. இடம்பெயர்ந்த குடும்பம் ஒரு போகக் குத்தகையில் வயல் செய்கிறது. வைக்கோலை மண்ணுக்கே திருப்பு என்கிறது கணக்கு. அதன் பயன் அடுத்த போகத்தில் அங்கு யார் நிற்கிறாரோ அவருக்கு. இன்று வைக்கோல் விற்ற காசை இழப்பதோ இந்தக் குடும்பம். யார் கொடுத்தார், யார் பெற்றார் என்ற வரிசை அந்தக் கொப்பியில் இல்லை. குத்தகைக்காரருக்கு மண்வளம் பற்றிப் போதிக்குமுன், மூன்று போகத்துக்காவது எழுத்துக் குத்தகை பெற்றுக்கொடுப்பதே முறை என்பது எமது எண்ணம்.

கணக்கைத் தொடங்க ஒரு பாடசாலைக் கொப்பி போதும். உள்ளே வந்த பசளை மூடையும் எருவண்டியும் ஒரு பக்கம். வெளியே போன நெல்மூடையும் வைக்கோல் வண்டியும் மறுபக்கம். மழையோடு வந்ததையும் வெள்ளத்தோடு போனதையும் நம்மால் நிறுக்க முடியாது. அந்த இடங்களை வெறுமையாக விடுங்கள்; ஊகித்த எண் எதையும் எழுதவேண்டாம்.