கடற்கரை விடுமுறையில் ஒரு மலையாட்டு வேட்டை: ஸ்பெயினில் குறைந்த செலவில் முடியுமா? விளம்பரம் சொல்லாத கணக்கு

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், தார்ராகோனா பக்கம், சலோவ் என்று ஓர் ஊர் இருக்கிறது. மணல், கடல், பக்கத்திலேயே போர்ட் அவென்ச்சுரா தீம் பார்க். கோடை விடுமுறையில் ஐரோப்பியக் குடும்பங்கள் குவியும் இடம். அங்கிருந்து காரில் தெற்கே சுமார் ஒரு மணி நேரம் போனால் தொர்தோசா நகரம். அதன் பின்னால் சுண்ணாம்புப் பாறைகளாக எழுந்து நிற்கிறது எல்ஸ் போர்ட்ஸ் மலைத்தொடர். அந்தப் பாறைகளில்தான் ஸ்பானிய ஐபெக்ஸ் மேய்கிறது. நீலகிரி வரையாட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் நிற்கும் தோரணை சட்டென்று பிடிபடும். கொம்பு மட்டும் இன்னும் நீளம், முறுக்கிய வளைவு.

வேட்டையாடும் பழக்கமுள்ள ஐரோப்பிய, அமெரிக்கக் குடும்பங்களைக் குறிவைத்து இங்கே ஒரு வியாபாரம் நடக்கிறது. ‘பிள்ளைகளுக்குக் கடல், அப்பாவுக்கு மலை’ என்பதுதான் அதன் சாரம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஸ்பெயினில் இது சட்டப்படியான தொழில். ஆப்பிரிக்கா வரை போகாமல் பெரிய விலங்கு வேட்டை என்றால் மலிவாகத்தானே இருக்கும்?

மலிவான வேட்டை அங்கே இருக்கிறது. ஆனால் விளம்பரப் படத்தில் இருக்கும் வேட்டை அது இல்லை.

கொம்புக்குத்தான் விலை

ஐபெக்ஸ் வேட்டையில் பணம் ஆட்டுக்கு அல்ல, கொம்புக்கு. சுட்ட பிறகு கொம்பின் நீளம், சுற்றளவு எல்லாம் அளந்து புள்ளி போடுகிறார்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பதக்கத் தரம் உண்டு. ஒவ்வொரு படிக்கும் விலை ஏறும். நல்ல கொம்புள்ள ஓர் ஆண் ஆட்டுக்குப் பல ஆயிரம் யூரோ போய்விடும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் அடிப்படை விலை. மலையில் வழிகாட்டி ‘அதோ, அது நல்ல ஆடு’ என்று காட்ட, விசையை அழுத்தி, அது வெள்ளிக்குப் பதில் தங்கமாக அமைந்துவிட்டால் வித்தியாசத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இருநூறு மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆட்டின் கொம்பை சென்டிமீட்டர் கணக்கில் கணிக்கும் கண் சுற்றுலாப் பயணிக்கு ஏது?

இதற்கு மேல் வருவது சில்லறைச் செலவுகள். பெயர்தான் சில்லறை. வேட்டை உரிமத்தை ஸ்பெயினில் மாகாண அரசுகள் தருகின்றன. கத்தலோனியாவில் வாங்கியது அண்டலூசியாவில் செல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. பல மாகாணங்களுக்குப் பொதுவான உரிமமும் இருக்கிறது, எந்தெந்த மாகாணம் என்று கேட்டு வாங்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்தத் துப்பாக்கி என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தினருக்கு ஐரோப்பியத் துப்பாக்கி பாஸ் போதும். மற்றவர்கள் குவார்டியா சிவில் எனப்படும் காவல் படையிடம் தற்காலிக அனுமதி வாங்க வேண்டும். அதனால் பலர் அங்கேயே வாடகைக்கு எடுக்கிறார்கள். 21 சதவீத மதிப்புக் கூட்டு வரி விலையில் அடக்கமா இல்லையா என்பதும் முதலிலேயே கேட்க வேண்டிய கேள்வி. தலையைப் பாடம் செய்து வீட்டுக்கு அனுப்பும் செலவு தனி. பேக்கேஜில் அது சேராது.

இன்னொரு விதி பலரைக் கவிழ்த்துவிடுகிறது. குண்டு பட்டு ரத்தம் சிந்தினாலே விலங்கு சுடப்பட்டதாகக் கணக்கு. அது பாறை இடுக்கில் தப்பி ஓடி, கடைசிவரை கிடைக்காவிட்டாலும் பணம் பணம்தான். அவசரமாகச் சுடுவதைத் தடுக்கிற நியாயமான விதி அது. எழுத்துபூர்வமாக முன்பே பார்த்துவிடுவது நல்லது.

அப்படியானால் மலிவு எங்கே? கொம்பு பெரிதாக இல்லாத இடத்தில். பெட்டை ஆடுகள், கொம்பு கோணலான கிழட்டு ஆண்கள் ஆகியவற்றை எண்ணிக்கைக் கட்டுப்பாட்டுக்காக ஆண்டுதோறும் சுட அனுமதிக்கிறார்கள். பெட்டை ஆட்டு வேட்டை சில நூறு யூரோவில் முடியும். அதே மலை, அதே ஏற்றம், அதே வழிகாட்டி. சுவரில் மாட்டத்தான் ஒன்றும் இருக்காது.

நான்கு ஆடா, இரண்டு ஆடா?

ஏற்பாட்டாளர்கள் நான்கு வகை ஐபெக்ஸைப் பற்றிப் பேசுவார்கள்: கிரெடோஸ், பெசெய்தே, தென்கிழக்கு, ரோண்டா. நான்கையும் சுட்டால்தான் செட் முழுமை. எல்ஸ் போர்ட்ஸில் இருப்பது பெசெய்தே. மார்பெய்யா கடற்கரையிலிருந்து மலைச் சாலையில் ஒரு மணி நேரத்தில் ரோண்டா. உயிரியலாளர்கள் இன்று உயிரோடு இருப்பதாகப் பொதுவாகக் கொள்வது இரண்டே துணை இனங்களைத்தான். மீதி, கொம்பின் வடிவத்தை வைத்து வேட்டைச் சந்தை பிரித்துக்கொண்டது. ஒரு ஆட்டோடு திருப்தி அடைய வேண்டியவரை நான்கு முறை வரவைக்கும் நல்ல வியாபார யோசனை, வேறென்ன!

துணை இனங்கள் ஒரு காலத்தில் நான்குதான். போர்ச்சுகல் ஐபெக்ஸ் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் அழிந்தது. பைரனீஸ் மலையின் புகார்தோ 2000 ஜனவரியில், செலியா என்று பெயரிடப்பட்ட கடைசிப் பெட்டையோடு முடிந்தது. அதன் செல்லிலிருந்து 2003இல் குளோனிங் முறையில் ஒரு குட்டி பிறந்தது. சில நிமிடங்களில் மூச்சுத் திணறி இறந்தது. பல நூற்றாண்டு வேட்டை அந்த அழிவுக்கு ஒரு முக்கியக் காரணம்.

வேட்டை ஆதரவாளர்கள் இதற்குப் பதிலாகக் காட்டுவது கிரெடோஸ் மலையை. அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஆடுகள் குறைந்தபோது, 1905இல் மன்னர் 13ஆம் அல்ஃபோன்ஸோவின் பெயரில் அரச வேட்டைக்காடு உருவானது. காவல் போட்டார்கள். இன்று அங்கே ஆயிரக்கணக்கில் ஆடுகள். வாதம் பொய்யில்லை. ஆனால் அந்த நிலைக்கு ஆடுகளைக் கொண்டுவந்ததும் வேட்டைதான் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. எதிர்த்தரப்புக்கும் எளிதில் பதில் சொல்ல முடியாத ஓர் இடம் உண்டு: காஸோர்லா மலை. அங்கே 1987இல் சொறி நோய் பரவி, 95 சதவீதத்துக்கும் மேல் ஐபெக்ஸ்கள் செத்தன. ஓநாய் இல்லாத மலையில் ஆடுகள் நெருக்கியடித்து வாழ்ந்தால் நோய்க்குக் கொண்டாட்டம். பெட்டை ஆட்டு வேட்டைக்கு அதிகாரிகள் சொல்லும் நியாயமும் இதுதான்.

ஆகஸ்டில் போனால்?

இங்கேதான் குடும்பத் திட்டம் இடிக்கிறது. பள்ளி விடுமுறை கோடையில். பெரிய வேட்டை குளிர்காலத்தில். நாய்க் கூட்டத்தை விட்டு மான், காட்டுப்பன்றிகளை விரட்டும் மோன்தெரியா என்ற மரபு வேட்டை சுமாராக அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி வரைதான். ஐபெக்ஸ் ஆண்கள் முழு உடல்கட்டோடு தெரிவது இணைசேரும் நவம்பர், டிசம்பரில். அப்போது கடல் குளிர்ந்திருக்கும். பிள்ளைகளுக்கு அங்கே வேலை இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் போனால் ஓட்டல் வாடகை குறையும் என்பது ஒரு ஆறுதல். மாலகாவிலிருந்து அதிவேக ரயிலில் கோர்தோபா ஒரு மணி நேரம்தான். மோன்தெரியா நடக்கும் சியெர்ரா மொரேனா அதையொட்டி இருக்கிறது. குடும்பம் ஊர் சுற்றலாம்.

கோடையில்தான் போக முடியும் என்றால் எஸ்பேரா இருக்கிறது. பயிரை நாசம் செய்யும் காட்டுப்பன்றிகளுக்காக, அனுமதி பெற்ற இடத்தில், நிலா வெளிச்சத்தில் வயலோரம் மூச்சுக் காட்டாமல் காத்திருப்பது. ஒரே ஒரு இரவு வேலை, விடிவதற்குள் ஓட்டலுக்குத் திரும்பிவிடலாம். செலவும் குறைவு. பன்றி வராமலும் போகலாம். கொசு நிச்சயம் வரும்.

மத்தியதரைக் கடலின் மற்ற கரைகள் அவ்வளவு எளிதில்லை. இத்தாலியில் பன்றி வேட்டை பெரும்பாலும் உள்ளூர்க் குழுக்களின் கையில். அங்கே 2022 முதல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியதால் சில பகுதிகளில் வேட்டைக்குக் கட்டுப்பாடுகளும் வந்தன. சைப்ரஸின் காட்டுச் செம்மறியை யாராவது பேக்கேஜில் சேர்த்துச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஸ்பெயினிலும் தேசியப் பூங்காக்களுக்குள் விளையாட்டு வேட்டைக்கு 2020 டிசம்பர் முதல் தடை. சியெர்ரா நெவாடாவில் வேட்டை என்று விற்பவரிடம் பூங்கா எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று வரைபடத்தை வைத்துக் கேட்க வேண்டும்.

சுட்ட பன்றியை அன்றிரவே நெருப்பில் வாட்டிச் சாப்பிடும் காட்சி ஆஸ்டெரிக்ஸ் காமிக்ஸோடு சரி. ட்ரிக்கினெல்லா என்ற புழு இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்து, கால்நடை மருத்துவர் ஓகே சொன்ன பிறகுதான் இறைச்சியைத் தொட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுபவர் சனிக்கிழமை இரவு சுட்டால், அந்தக் கறி பெரும்பாலும் ஊர்க்காரர்களுக்குத்தான்.