பெரிய வட்டங்களும் 576 கட்டங்களும்

லண்டன் குண்டுச் சேத வரைபடத்தில் வண்ணம் தீட்டிய வீடுகளுக்கு நடுவே அங்கங்கே வட்டங்கள் தென்படும். பெரிய வட்டம் என்றால் அங்கே ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டு விழுந்திருக்கிறது. சிறிய வட்டம் என்றால் வி-2 ராக்கெட். லண்டன் கவுண்டி கவுன்சிலின் கட்டடக்கலைத் துறை 1:2,500 அளவில் இந்தத் தாள்களில் சேதத்தைக் குறித்த விதமும், முழு அழிவைக் காட்டும் கறுப்பு முதல் லேசான சேதத்தைக் காட்டும் மஞ்சள் வரையான வண்ணங்களின் பொருளும் சென்ற வாரமே சொல்லப்பட்டுவிட்டன. இந்த வாரம் வட்டங்கள்.

தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். அதனால் தெருவை மட்டுமல்ல, ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே பார்க்க முடியும். பெரிய வட்டம் ஒன்றை நெருங்கிப் பார்த்தால், நடுவில் இருந்த வீடுகள் கறுப்பு, ஒட்டியவை ஊதா, அடுத்த வரிசை சிவப்பு, தெருமுனைவரை ஆரஞ்சும் மஞ்சளும். வி-1 சுமந்த சுமார் 850 கிலோ வெடிமருந்து மண்ணுக்குள் புதையாமல் தரைமட்டத்திலேயே வெடித்தது. எனவே பள்ளம் சிறிது, காற்றழுத்தத்தின் வீச்சு பெரிது. இரண்டு தெரு தள்ளி இருந்த வீட்டுக்கும் கூரை ஓடும் கண்ணாடியும் போயிருக்கும்.

1944 ஜூன் 13 அன்று கிழக்கு லண்டனின் போ பகுதியில், குரோவ் சாலை ரயில் பாலத்தில் விழுந்ததுதான் நகரைத் தாக்கிய முதல் வி-1. ஆறு பேர் இறந்தார்கள். விமானி இல்லாத இந்தக் குண்டு வடக்கு பிரான்சின் கரையோரத்திலிருந்து ஏவப்பட்டது. திசையைக் காந்த ஊசியும் கைரோவும் பார்த்துக்கொண்டன. தூரத்தை அளந்தது மூக்கில் இருந்த சின்னஞ்சிறு காற்றாடி. அது சுழலச் சுழல ஓர் எண்ணி குறைந்துகொண்டே வரும். பூஜ்யத்தைத் தொட்டதும் குண்டு தலைகுப்புறப் பாயும். அந்தப் பாய்ச்சலில் எரிபொருள் தடைபட்டு எஞ்சின் நின்றுவிடும். லண்டன்வாசிகள் சத்தத்துக்கு அஞ்சவில்லை, சத்தம் நின்றுபோவதற்குத்தான் அஞ்சினார்கள்.

வட்டங்கள் சில இடங்களில் நெருக்கமாகவும், சில இடங்களில் ஒன்றுகூட இல்லாமலும் கிடக்கின்றன. ஒரே பேட்டையில் மூன்று, நான்கு. பக்கத்துப் பேட்டையில் எதுவுமில்லை. குண்டுகள் கொத்துக்கொத்தாக விழுகின்றன என்ற பேச்சு போர்க்காலத்திலேயே இருந்தது. அது உண்மையானால் ஏவுகிறவர்களுக்குக் குறி வைக்கத் தெரிந்திருக்கிறது என்றாகும். குறி இருந்தால் ஆபத்தான இடம், பத்திரமான இடம் என்று நகரைப் பிரிக்கலாம். இல்லையென்றால் வீடு மாற்றிப் போவதில் பயனில்லை.

இதை எண்ணிப் பார்த்தவர் புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் காப்பீட்டுக் கணிப்பாளர் ஆர்.டி. கிளார்க். ஆயுள் காப்பீட்டில் சாவின் வாய்ப்பைக் கணக்கிடுவது அவர் தொழில். தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டர் பரப்பை எடுத்து, அதைக் கால் சதுர கிலோமீட்டர் அளவுள்ள 576 கட்டங்களாகப் பிரித்தார். அந்தப் பரப்பில் விழுந்தவை 537 குண்டுகள். சராசரியாகக் கட்டத்துக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. எந்தக் கட்டத்தில் எத்தனை என்று எண்ணினார், வேறெதுவும் செய்யவில்லை.

சிமென்ட் தரையில் சாக்கட்டியால் பக்கத்துக்கு 24 கட்டம் போட்டு, 537 கடுகை உயரத்திலிருந்து தூவினால் என்ன ஆகும்? கட்டத்துக்கு ஒன்றாகக் கடுகு போய் உட்காராது. பல கட்டங்கள் வெறுமையாக நிற்கும், சிலவற்றில் மூன்றும் நான்கும் குவியும். அந்தக் குவியலுக்கு யாருடைய குறியும் காரணமில்லை. எத்தனை கட்டம் வெறுமையாக இருக்கும், எத்தனையில் ஒன்று, எத்தனையில் இரண்டு என்று முன்கூட்டியே சொல்லும் சூத்திரத்தைப் பிரெஞ்சுக் கணிதர் பாய்சான் 1837இல், குற்ற வழக்குகளின் தீர்ப்புகளை ஆராய்ந்த நூல் ஒன்றில் தந்திருந்தார்.

கிளார்க்கின் எண்களை அந்தச் சூத்திரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். குண்டே விழாத கட்டங்கள் 227 இருக்கும் என்றது சூத்திரம், இருந்தவை 229. ஒரு குண்டு விழுந்தவை 211 என்றது, இருந்தவையும் 211. இரண்டு விழுந்தவை 99க்கு 93. மூன்று விழுந்தவை 31க்கு 35. நான்கு விழுந்தவை ஏழுக்கு ஏழு. ஐந்தும் அதற்கு மேலும் விழுந்த கட்டம் ஒன்றே ஒன்று. மற்றவற்றைக் கூட்டிக் கழித்தால் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் ஏழு குண்டுகள் விழுந்திருக்கின்றன. அந்த அரைக் கிலோமீட்டர் சதுரத்தில் குடியிருந்தவர்களிடம், உங்களை யாரும் குறிவைக்கவில்லை என்று சொன்னால் நம்பியிருப்பார்களா? ஆனாலும் கணக்கு அதைத்தான் சொல்கிறது. 1946இல் காப்பீட்டுக் கணிப்பாளர் கழகத்தின் இதழில் வெளியான இந்தக் குறிப்பு ஒரே பக்கம்தான்.

ராணுவமும் இந்தச் சூத்திரமும் சந்தித்தது அது முதல் முறையல்ல. 1898இல் போர்ட்கீவிச் என்ற அறிஞர், பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களைக் கணக்கெடுத்தார். 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள். ஆக 200 பதிவுகள், 122 சாவுகள். ஒரு சாவும் இல்லாத பதிவுகள் 109. சூத்திரம் சொன்னதும் ஏறக்குறைய அதே 109. குதிரையின் குளம்பும் பறக்கும் குண்டும் ஒரே கணக்குக்குள் அடங்கின. வில்லியம் ஃபெல்லரின் நிகழ்தகவுப் பாடநூல் வழியாகக் கிளார்க்கின் கட்டங்கள் உலகெங்கும் வகுப்பறைகளுக்குப் போயின. தாமஸ் பின்சன் 1973இல் எழுதிய நாவலில், லண்டன் வரைபடத்தைக் கட்டம் பிரித்து ராக்கெட்டுகளை எண்ணும் புள்ளியியலாளர் ஒருவர் வருவதும் இந்த எண்களின் பிடியில்தான்.

ஆனால் இதை லண்டன் முழுவதற்கும் நீட்டினால் தவறாகும். கிளார்க் எடுத்தது தெற்கு மட்டுமே. நகரம் முழுவதையும் பார்த்தால் வட்டங்கள் தெற்கிலும் தென்கிழக்கிலும்தான் அதிகம். ஜெர்மானியர் வைத்த குறி டவர் பாலம். சராசரியாகக் குண்டுகள் அதற்குச் சில கிலோமீட்டர் முன்பே விழுந்துகொண்டிருந்தன. அவை வந்தது தென்கிழக்கிலிருந்து என்பதால் எட்டாமல் போனவை தெற்குப் பேட்டைகளில் இறங்கின. எங்கே விழுகிறது என்று தகவல் அனுப்பும்படி ஜெர்மானியர் லண்டனில் இருந்த தங்கள் ஒற்றர்களைக் கேட்டார்கள். அந்த ஒற்றர்களோ ஏற்கெனவே பிரிட்டனின் கைக்குள். விஞ்ஞான உளவுத் துறையின் ஆர்.வி. ஜோன்ஸ் ஒரு வழி சொன்னார்: நகரைத் தாண்டி விழுந்த குண்டின் இடத்தையும், எட்டாமல் விழுந்த குண்டின் நேரத்தையும் இணைத்து அனுப்புவது. ஏவிய நேரத்தோடு ஒப்பிடும் ஜெர்மானியர் குண்டு அதிக தூரம் போகிறது என்று முடிவுகட்டி, தூரத்தை இன்னும் குறைப்பார்கள். நடு லண்டன் தப்பும்.

தெற்கு தப்பாது. யார் சாக வேண்டும் என்று அரசாங்கம் தீர்மானிப்பதா என்று உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மோரிசன் எதிர்த்தார். குண்டுகளின் சராசரிப் புள்ளியை டல்விச் பக்கமே நிறுத்தப் பார்க்கிறோம் என்பது ஜோன்ஸுக்குத் தெரியும். அவரைப் பெற்றவர்கள் குடியிருந்ததும், அவர் படித்த பள்ளி இருந்ததும் அதே டல்விச்சில். இந்த ஏமாற்று எவ்வளவு பலித்தது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆகவே இந்த வட்டங்களை இரண்டு படியாகப் படிக்க வேண்டும். குண்டுமழை தெற்கில் இறங்கியதற்கு ஏவியவர்களின் பிழையும், அதைத் திருத்தவிடாமல் முயன்ற பொய்யும் இருக்கின்றன. தெற்குக்குள் எந்தத் தெரு என்பதில் மட்டும் தற்செயலின் ஆட்சி.

இந்த வாரத்துக்கென்று சொல்லியிருந்த சிறிய வட்டங்களுக்கு இடம் போதவில்லை. அடுத்த வாரம் அவை. 1944 செப்டம்பர் 8 மாலை லண்டன் மக்கள்மீது விழுந்த முதல் வி-2 சிஸ்விக்கின் ஸ்டேவ்லி சாலையில் வெடித்தது. மூன்று பேர் இறந்தார்கள். அந்தச் சாலை அப்போது மிடில்செக்ஸில், லண்டன் கவுண்டி கவுன்சிலின் எல்லைக்கு வெளியே இருந்தது.