கட்டியில் மட்டுமா, பிறவியிலேயா?

மார்பகப் புற்றுநோய் வந்த சகோதரிகள் சிலருக்கு டாக்டர்கள் மரபணுப் பரிசோதனை எழுதுகிறார்கள். "என் மகளுக்கும் வருமா?" என்பதே வீட்டில் எழும் முதல் கேள்வி. இதற்கு விடை தேட ஆய்வுக்கூடங்களில் பயன்படும் மென்பொருள்களில் ஒன்று ஐ.ஜி.வி. அமெரிக்காவின் பிராட் இன்ஸ்டிடியூட்டில் உருவாகி, 2011-இல் ஆய்விதழில் அறிமுகமானது. இலவசம்.

நம் மரபணுத் தொகுப்பு ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளால் ஆன சுமார் 300 கோடி எழுத்து நீளமுள்ளது. கருவி அதைத் துண்டு துண்டாகவே படிக்கும். ஐ.ஜி.வி. அந்தத் துண்டுகளைச் செங்கல் வரிசைபோலச் சாம்பல் நிறத்தில் திரையில் அடுக்கும். வழக்கமான எழுத்திலிருந்து மாறியது மட்டும் நிறத்தில் தெரியும்: ஏ பச்சை, டி சிவப்பு.

மேலே கட்டியின் மாதிரி, கீழே அதே நோயாளியின் இரத்தம். நிறம் கட்டியில் மட்டும் தெரிந்தால், அது அந்தத் திசுவில் பிற்பாடு உண்டானது, பிள்ளைகளுக்குப் போகாது. இரத்தத்திலும் ஏறக்குறைய பாதித் துண்டுகளில் தெரிந்தால், பெரும்பாலும் பிறவியிலேயே வந்தது. ஒன்றிரண்டு துண்டுகளின் ஓரத்தில் மட்டும் என்றால் கருவியின் பிழை என்று சந்தேகிப்பார்கள். கணினி தந்த பட்டியலை நிபுணர் கண்ணால் பார்ப்பது இதற்காகத்தான். மாற்றம் உண்மையா என்பதைப் படம் காட்டும். நோய் தருமா என்பதைக் காட்டாது.

பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் பிறவி மாற்றம் உறுதியானால், ஆணோ பெண்ணோ ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. வந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வாப்பா வழியிலும் வரும் என்பதால் உம்மாவின் குடும்பத்தை மட்டும் குறை சொல்வது அநியாயம். சம்பந்தம் பேசும் நேரமென்று ரிப்போர்ட்டை மறைக்காமல், உடன்பிறந்தவர்களிடம் சொல்லி மரபணு ஆலோசனைக்கு அனுப்புங்கள்.