பிராட்வே நடுத்திட்டு எறும்புகள்

நியூயார்க்கின் மன்ஹாட்டனில், பிராட்வே முதலான அகலச் சாலைகளின் நடுத்திட்டுகளில் கொஞ்சம் மண்ணும் சில மரங்களும் உண்டு. இருபுறமும் ஓயாமல் வண்டிகள். அங்கே தேடிய ஆய்வாளர்கள் 13 வகை எறும்புகள் வாழ்வதாக 2010இல் எழுதினார்கள்.

நகரம் பெருகினால் உயிரினங்கள் குறையும் என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் எல்லா உயிர்களும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. நிழலையும் உதிர்ந்த இலையையும் மட்கிய கட்டையையும் நம்பியிருக்கும் எறும்புகள் முதலில் மறைகின்றன. வெயில் தாங்கி, கிடைத்ததைத் தின்பவை தங்கிவிடுகின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்து, நடைபாதை விரிசல்களில் கூடு கட்டும் ஒரு சிறிய எறும்பு மன்ஹாட்டனில் அப்படித்தான் செழித்திருக்கிறது. அதன் பெயரே நடைபாதை எறும்பு.

இந்த நகரத்து எறும்புகள் என்ன செய்கின்றன என்று அறிய, ஆய்வாளர்கள் உருளைக்கிழங்கு சிப்ஸ், பிஸ்கட், ஹாட் டாக் துண்டுகளை எடைபோட்டுப் பூங்காக்களிலும் நடுத்திட்டுகளிலும் வைத்தார்கள். சில துண்டுகளை எலியும் புறாவும் தொட முடியாதபடி கூண்டுக்குள் வைத்தார்கள். ஒரு நாள் கழித்து மிச்சத்தை எடைபோட்டார்கள். வகைகள் அதிகமுள்ள பூங்காவைவிட, நடுத்திட்டுகளில் இரண்டு மூன்று மடங்கு உணவு காலியாகியிருந்தது. பிராட்வே, வெஸ்ட் ஸ்ட்ரீட் ஆகிய சாலைகளின் நடுத்திட்டுகளில் மட்டும் எறும்பு முதலான சிற்றுயிர்கள் ஆண்டுக்கு 60,000 ஹாட் டாக்குகளுக்குச் சமமான உணவைத் தின்றுவிட முடியும் என்று 2014இல் கணக்கிட்டார்கள். அவ்வளவும் எலிகளுக்குக் கிடைக்காமல் போகும் தீனி. இந்த வேலைக்கு யாரும் கூலி தருவதில்லை. பலருக்கு அது நடப்பதே தெரியாது.

நகரம் எறும்பின் உடலையும் மாற்றுகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒருவகை எறும்பு ஓக் மரத்தின் கொட்டைக்குள் குடியிருக்கும். ஒரு கொட்டையில் ஒரு கூட்டமே அடங்கிவிடும். அந்த நகரம் சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் வரை சூடானது. நகரத்து எறும்புகளையும் கிராமத்து எறும்புகளையும் ஆய்வகத்தில் ஒரே சூட்டில் வளர்த்துப் பார்த்தபோதும், நகரத்தவையே கூடுதல் வெப்பம் தாங்கின. ஆகவே அது பரம்பரையாக வரும் குணம். சுமார் நூறு ஆண்டுகளில், இருபது தலைமுறைக்குள் நேர்ந்த மாற்றம். அதற்கு ஒரு விலையும் இருந்தது: குளிரைத் தாங்கும் திறன் அவற்றுக்குக் குறைந்திருந்தது.

இதையெல்லாம் கேட்டு, பூங்காவும் காடும் போனாலும் எறும்பு சமாளித்துக்கொள்ளும் என்று நினைத்தால் அது பெரிய தவறு. கிழக்கு அமெரிக்கக் காடுகளில் வசந்தத்தில் பூக்கும் பல சிறு செடிகளின் விதைகளை எறும்புகளே சுமந்து பரப்புகின்றன. விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதையைத் தின்றுவிட்டு, விதையைச் சேதமின்றிப் போட்டுவிடும். அந்த வேலையில் பெரும்பங்கு காட்டு எறும்புகளில் ஒரே ஓர் இனத்தொகுதியுடையது. அதற்கு வேண்டிய மட்கிய மரக்கட்டையும் இலைச்சருகும் நடைபாதையில் கிடையாது. பூங்காக்களில் சருகைப் பெருக்கி எரிக்காமல், விழுந்த கட்டையை ஓரமாக விட்டுவைத்தால் அவற்றுக்கு இடம் மிஞ்சும்.